சம்பந்தியின் ஸ்க்ரூ டிரைவர்

லிஃப்ட் மெக்கானிக் போன் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தபோது, அவருடைய காரின் மேல் சம்பந்தி குனிந்திருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

காலடிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தவர், ஒன்றும் நடக்காதது போலத் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் ஓடிப்போய்க் காரைக் கையில் எடுத்தார்.

கார் என்றால் ஏறி உட்காருகிற கார் அல்ல. ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்விளையாட்டு அரங்கில் கார்ப்பெட் விரித்துத் தடம் போட்டிருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் இறுதிப் பந்தயம்.

அடுத்த வாரம் மாநிலப் போட்டிக்குப் போகிற கிளப் அணியில் காலியாக இருந்தது ஒரே இடம். அதற்கு முட்டி மோதியவர்களில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். பெண்ணைப் பெற்ற இவர், மாப்பிள்ளையைப் பெற்ற அந்தப் பல் டாக்டர்.

நாலு வருடமாக அந்த இடத்துக்கு இவர் தவம் கிடக்கிறார். அடுத்த மாதம் வேலையில் வேறு ஊருக்கு மாற்றல். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

இந்தக் காரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியிருந்தார். ஷாக் அப்ஸார்பர் எண்ணெயை ஏழு தடவை மாற்றி, முன் ஸ்பிரிங்கை இளக்கி, பின் ஸ்பிரிங்கை இறுக்கி, வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு போகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்திருந்தார். உடையும் என்று சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் எஃகு. சக்கரங்களைத் தாங்கும் நாலு ஆர்ம் மட்டும் பிளாஸ்டிக். அவை வளைந்து கொடுத்தால்தான், இடிக்கிற இடி அடித்தட்டைப் பதம் பார்க்காது.

சம்பந்தி ஒருமுறை நல்ல ஸ்பிரிங் ஒன்றைக் கொடுக்க வந்தார். பெண் கொடுத்த வீட்டில் கை நீட்டும் பழக்கம் தனக்கில்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பிவிட்டார் இவர்.

இன்றைக்கென்று பார்த்து ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்று ஒருவர் மாட்டிக்கொண்டார். போனிலேயே காவலாளிக்கு வழி சொல்லிக் கதவைத் திறக்க வைக்கக் கால் மணி நேரம். அதற்குள் இங்கே இந்த வேலை நடந்திருக்கிறது.

பரபரவென்று சோதித்தார். ஸ்பிரிங் சரியாக இருந்தது. காரின் உயரத்தை அளந்தார், வைத்த இடத்திலேயே இருந்தது. சக்கரச் சாய்வும் மாறவில்லை. ஒன்றும் தட்டுப்படாததுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. பல்லுக்குள் நரம்பைத் தேடிப் பிடிக்கிற கை, வெளியே தெரிகிற மாதிரியா செய்யும்?

"என்ன சம்பந்தி, என் கார்ல ஏதாவது வேலையா?"

"ஒண்ணுமில்லை சம்பந்தி. சும்மா பார்த்தேன்." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

சும்மா பார்க்க ஸ்க்ரூ டிரைவர் எதற்கு?

நடுவரிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் மகள் வாழ்கிற வீடு. அவளும் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பாவுக்கும் மாமனாருக்கும் மாறி மாறிக் கையசைத்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறக்க முடியாமல் உள்ளுக்குள் கொதித்தார்.

சம்பந்தி கை கழுவப் போனார். அவருடைய கார் மேஜைமேல் தனியாக இருந்தது.

மெக்கானிக் இருபுறமும் பார்த்தார். முன் சக்கரத்தைப் பிடித்திருந்த ஸ்க்ரூவை எதிர்ப்பக்கமாக இரண்டே திருகு. ஆரம்பித்தது அவர், நானில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அரங்கில் யாரும் இல்லை. திரும்பி வந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

மொத்தம் ஐந்து நிமிட ஓட்டம். ஒவ்வொரு வளைவிலும் தன் கார் காலை வாரிவிடும் என்று பயந்துகொண்டே ஓட்டினார். வாரவில்லை. மூன்றாவது நிமிடம் வேகம் தப்பி, முன் பக்கம் தடத்தின் ஓரப் பலகையில் படாரென்று மோதியது. அவ்வளவுதான் என்று நினைத்தார். கார் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுத் தன்பாட்டுக்கு ஓடியது. சம்பந்தியின் சதி பலிக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினார்.

நாலாவது நிமிடம். முன்னால் போய்க்கொண்டிருந்த சம்பந்தியின் காரிலிருந்து சக்கரம் தனியாகப் பறந்தது. கார் மூன்று தடவை உருண்டு கவிழ்ந்து நின்றது. அதைத் தாண்டிப் போய் மெக்கானிக் ஜெயித்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் நடுவர் அந்தச் சக்கரத்தோடு வந்தார். பல வருடம் இந்த விளையாட்டைப் பார்த்தவர்.

"ஸ்க்ரூ தானா கழன்ற மாதிரி தெரியலை டாக்டர். உங்க காரை யாராவது தொட்டாங்களா?"

விசாரணை, தடை, மகளின் முகம் எல்லாம் ஒரே நொடியில் மெக்கானிக்கின் கண்முன் வந்துபோயின.

"யாரும் தொடலை சார்," என்றார் சம்பந்தி. "நான்தான் சரியா முடுக்கலை."

நடுவர் அரை மனதோடு நகர்ந்தார். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மகள்தான் விடவில்லை. "அதெப்படி மாமா? நீங்க ஓட்டறதுக்கு முன்னாடி எல்லா ஸ்க்ரூவையும் ரெண்டு தடவை முடுக்கிப் பார்ப்பீங்களே?"

சம்பந்தி சங்கடமாகச் சிரித்தார்.

"பார்ப்பேம்மா. இன்னைக்கு அந்த நேரம் உங்கப்பா காருக்குப் போயிடுச்சு. முன் ஆர்ம்ல விரிசல் விட்டிருந்தது. கேட்டா வேண்டாம்னுடுவார்னு, அவர் வர்றதுக்குள்ள என்கிட்ட இருந்த ஒரே ஸ்பேரை மாட்டிவிட்டேன்."