பூஜை போடாத வண்டி

சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

டிரைவர் தணிகாசலம் மறுபடியும் திருப்பினான். அதே டக்.

பின் சீட்டில் முதலாளியம்மா ஸ்டெல்லாமேரி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். தவறினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். ராத்திரிக்குள் மூச்சு முட்டிவிடும். போன மாதம் ஒருநாள் ஆட்டோவில் போனார். குலுக்கலில் பாதி வழியிலேயே மயக்கம்.

மணி ஆறே முக்கால்.

எதிர்வீட்டு டிரைவர் ராஜ்கமல், நேற்றைய ஆயுத பூஜை மாலை வாடாத தன் வண்டிமேல் சாய்ந்து, கிளம்பப்போகும் தன் முதலாளிக்காகக் காத்து நின்றான்.

“பூஜை போடாத வண்டிண்ணே. கோச்சிக்கிச்சு.”

ஆவணியில் தணிகாசலத்தின் அம்மா போய்ச் சேர்ந்த தீட்டு. இந்த வருஷம் அவன் ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்கவில்லை.

“வண்டிக்கு ஏதுடா கோவம்? கோளாறுதான் இருக்கும்.”

பானட்டைத் தூக்கினான். ஹாரன் அடிக்கிறது. விளக்கு எரிகிறது. சாவியைத் திருப்பும்போது மட்டும் விளக்கு செத்துப்போகிறது. அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது, வழியில் எங்கோ தடைபட்டு நிற்கிறது. பேட்டரி போன மாதம் போட்டது. எர்த் வயரை இழுத்துப் பார்த்தான். கெட்டி.

முதலாளி அமலநாதன் பக்கத்தில் வந்து நின்றார்.

பேட்டரி முனையைக் கவ்வியிருந்த கிளாம்பில் ஸ்பேனரை வைத்தான். முரண்டு பிடித்தது. அவன் விடவில்லை. கழன்று வந்தது.

உள்ளே, முனை முழுக்கக் காய்ந்து ஓடாய்ப்போன சந்தனம். அதன்மேல் ஒரு பொட்டு குங்குமம்.

தணிகாசலம் நிமிர்ந்தான். ஜெபமாலை தொங்கும் வண்டியில், தான் வைக்காத சந்தனம் ஏது?

அமலநாதன் பின் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உன்னால முடியலன்னு சும்மா உட மனசு வரலப்பா. நேத்து நானே வச்சேன். நீ வச்சா கண்டுக்கமாட்டா. நான் வெளிய வச்சா மேரி பாத்துட்டு ஃபாதர் வரைக்கும் கொண்டுபோயிடுவா. அதான் கழட்டி, உள்ளார வச்சி மூடிட்டேன்.”

தணிகாசலம் கத்தியால் சுரண்டினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கிளாம்பை மாட்டி இறுக்கினான்.

ஒரே திருப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“என்னாப்பா கோளாறு?” என்றார் ஸ்டெல்லாமேரி.

முன் சீட்டில் ஏறியிருந்த அமலநாதன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தணிகாசலம் கியரைப் போட்டான்.

“கடல் காத்துல பேட்டரியில உப்புப் பூத்துடுச்சும்மா.”