குத்பா முடிவதற்குள் நாலு டயர்

பாங்கு சொல்லி ஓய்ந்தது. பஸ்லியின் வெள்ளைத் தொப்பி பள்ளிவாசல் படியேறி மறைந்தது.

றஸ்மியா ஜன்னல் திரையை விட்டாள். இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தாள்.

கார் வழக்கம்போல் வீட்டுக் கேற்றடியில் நின்றது. பள்ளிச் சந்தில் வெள்ளிக்கிழமைகளில் சைக்கிள் நிறுத்தவும் இடமிருக்காது.

போன வாரம் மகள் நிஷ்மியா சொன்ன ஒரு வரி இன்னும் அவள் காதிலேயே கிடந்தது.

"உம்மா, இரத்தோட்டை வளைவுல வாப்பாட கார் வழுக்கிச்சு. பள்ளத்துப் பக்கம்."

உடனே குனிந்து பார்த்தாள். நாலு டயரும் மொட்டை. பஸ்லியிடம் சொன்னாள். இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும் என்றார், முகத்தைப் பார்க்காமலே.

இன்றும் தொழுகை முடிந்ததும் மகள் அதே பாதையில்தான் போகப் போகிறாள். மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

றஸ்மியா சீட்டை முன்னுக்கு இழுத்தாள். கிளச்சுக்குக் கால் எட்டியது. கார் ஓசையில்லாமல் சந்திலிருந்து வெளியேறியது.

வெள்ளித் தொழுகையின் குத்பாப் பிரசங்கம் இன்று பெரிய ஹஸ்ரத்துடையது. ஆரம்பித்தால் ஆதம் நபியிலிருந்துதான் வருவார். அந்த நீளத்துக்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் றஸ்மியாவாகத்தான் இருக்கும்.

அலுவிகாரைக்குப் போகும் ரோட்டில் இராசலிங்கத்தின் டயர் கடை. எதிரே ஸஹாப்தீனின் இரும்புக் கடை. ஜும்ஆவுக்காக ஷட்டர் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளியில் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். அந்த ஷட்டர் ஏறினால் தனக்கு மிஞ்சியிருப்பது கொஞ்ச நேரம்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

இராசலிங்கம் ஜாக்கியைக் கொடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஊரே தொழப் போன நேரத்துல வர்றீங்க. திருட்டுக் கார் இல்லையே தங்கச்சி?"

"திருடினவ நாலு டயரையும் கழட்டிக்கிட்டுப் போவா அண்ணே. புதுசு போட்டுக் கொடுப்பாளா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு டயரை உருட்டி வந்தார். ரப்பர்ப் பூவின் வெட்டு ஆழமாக, அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் மெல்லிய ஒட்டு ஓடியது. பழைய உடம்புக்குப் புதுத் தோல்.

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அடுத்தது புத்தம் புதுசு. றஸ்மியா டயரின் பக்கவாட்டில் விரலை ஓட்டிச் சின்னக் கட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைத் தேடினாள். கடைசி இரண்டு இலக்கம் செய்த வருஷம். நிஷ்மியா பாலர் பாடசாலைக்குப் போன வருஷம் அது. கடை ராக்கையிலேயே கிழடாகிப்போன புதுசு.

அதுவும் வேண்டாம்.

மூன்றாவது இந்த வருஷத்தது. மழைத்தண்ணீர் வழிந்தோட நடுவில் அகன்ற வெட்டு. "இதேதான். நாலும் இதே," என்றாள்.

கடைசிச் சில்லின் நட்டை இறுக்கும்போது எதிர்க்கடை ஷட்டர் கடகடவென்று ஏறியது.

றஸ்மியா காசைக் கொடுத்துவிட்டுக் காருக்குள் ஏறிச் சாவியைப் போட்டாள்.

"மேட்டுக்குப் போற கார்தானே? காத்து நாப்பது அடிச்சிருக்கேன். கல்லு மாதிரி நிக்கும். போயிட்டு வாங்க."

மாத்தளையில் மலையேறும் கார் எல்லாவற்றுக்கும் அந்த நாற்பதுதான். மிளகு மூட்டைக்கும் அதே, பள்ளிப் பிள்ளைக்கும் அதே.

சாவியைப் போட்ட கையை எடுத்தாள். இறங்கினாள்.

"கல்லு மாதிரி நின்னா ஈரத்துல வழுக்கும் அண்ணே. இறக்குங்க." கதவை அகலத் திறந்து, கதவோரத் தூணில் ஒட்டியிருந்த கார்க் கம்பெனிக்காரனின் காற்று அட்டவணையைக் காட்டினாள். ஆள் குறைவென்றால் ஒரு அளவு, கார் நிறைந்தால் வேறு அளவு.

"எத்தனை பேர் போவீங்க?"

"மூணு பேரு. ஒரு கைக்குழந்தை."

"அடடே! எத்தனை மாசம்?"

"மூணு," என்றாள், அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உஸ்ஸென்று காற்று இறங்கியது. முன்னுக்கு முப்பத்திரண்டு. பின்னுக்கு முப்பத்தைந்து. மானியில் முள் நின்ற இடத்தை நாலு சில்லிலும் அவளே குனிந்து பார்த்தாள்.

"பிரேக் கட்டையும் ஒருக்காப் பார்க்கணும். அவசரமில்ல," என்றார் இராசலிங்கம். "பழைய டயரை என்ன செய்ய?"

"வெட்டிப் போடுங்க. இன்னொருத்தர் மாட்டிடக் கூடாது."

திரும்பும் வழியில் ஒரு சேற்றுக்குழி. விலக இடமிருந்தும் நேரே அதற்குள் விட்டாள். புது ரப்பரின் பளபளப்பில் சேறு அப்பிக்கொண்டது.

சந்துக்குள் திரும்பியபோது ஒலிபெருக்கியில் தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும் சத்தம். காரை நின்ற இடத்திலேயே நிறுத்தினாள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். கண்ணாடியை உயரமான ஆளுக்குத் திருப்பினாள். உள்ளே போய்த் திரையைப் போட்டாள்.

பஸ்லி வந்தார். கேற்றைத் தாண்டவில்லை. வெளியே நின்றே குரல் கொடுத்தார்.

"நிஷ்மியா! சுணங்காம வாங்க மகள். சின்னம்மா தம்பியத் தூக்கிக்கிட்டு ரோட்டுலயே நிப்பா."

பையைத் தூக்கிக்கொண்டு மகள் ஓடினாள். கார் இரத்தோட்டைப் பக்கம் திரும்பியது. திருப்பத்தில் துளியும் வழுக்கவில்லை.

விவாகரத்துத் தீர்ப்பில் காழியார் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்திருந்தார். வீடு அவளுக்கு. கார் அவருக்கு. வெள்ளி, சனி வாப்பாவிடம் பிள்ளை.

இந்த இரண்டாவது சாவியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

றஸ்மியா அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பிரேக் கட்டை பாக்கியிருக்கிறது.

அடுத்த வெள்ளியும் பெரிய ஹஸ்ரத்தின் குத்பாதான்.