சங்கைத் தட்டிய பொடிசு

கடலும் வானமும் ஒன்றாகக் கரைந்து கிடந்த பனிக்காலை அது. அம்மா நண்டும் அவள் பிள்ளை பொடிசும் புது வீடு தேடிக் கிளம்பியிருந்தார்கள். சங்குக்குள் குடியிருக்கிற இனம் அவர்களுடையது. உடம்பு வளர்ந்தால் வேறு சங்கு பார்த்தே ஆகவேண்டும்.

அருகருகே இரண்டு காலிச் சங்குகள் கிடைத்தன. பொடிசு தன் பழைய சங்கைக் கழற்றியது. ஆனால் சின்னச் சங்குக்குள் நுழையவில்லை. கொடுக்கால் மெல்லத் தட்டி, “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுக் காத்து நின்றது. மிதித்தால் நுரைக்கு வலிக்குமென்று சுற்றிப் போகிற பிள்ளை அது.

“மேல பறவை சுத்துது, இது வெறும் முதுகோட நிக்குது! பிள்ளைக்கு விவரமே பத்தலம்மா” என்று கத்திக்கொண்டே அந்த வழியாக ஓடினார் பெரியப்பா நண்டு.

பனிக்குள் ஒரு சிறகு அசைந்தது. அம்மா பிள்ளையை நெருங்கினாள். பிடித்து உள்ளே தள்ளிவிடலாம்தான். பதிலுக்காகத் தலைசாய்த்து நின்ற அந்த முகத்தைப் பார்த்தபின் மனசு வரவில்லை. சத்தமில்லாமல் சங்குக்குப் பின்னால் போனாள். குரலைக் கரகரப்பாக்கி, “யாரும் இல்லப்பா. தாராளமா உள்ள வா!” என்றாள்.

“ரொம்ப நன்றிங்க” என்று பொடிசு உள்ளே போனது.

அம்மாவும் அவசரமாகத் தன் பழைய சங்கைக் கழற்றினாள். பெரிய சங்குக்குள் வைக்கப்போன கால் நின்றது. வாழ்நாளில் முதல்முறையாகக் கொடுக்கால் மெல்லத் தட்டி, “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்றாள்.

பக்கத்துச் சங்கிலிருந்து, வேண்டுமென்றே கரகரத்த ஒரு குட்டிக் குரல் வந்தது.

“யாரும் இல்லம்மா. தாராளமா உள்ள வாங்க!”