சிவப்பு அம்பு

பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் சென்னியப்பனுக்கும் ஜோதிமணிக்கும் பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. தைத்து வரும் துணியில் பழுது தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. இரண்டு பேருக்கும் வீட்டில் பேச ஆளில்லை என்பது கம்பெனிக்கே தெரியும். ஒரு ஞாயிறு சாயங்காலம் அவன் கூப்பிட்டான், அவள் பேக்கரிக்கு வந்தாள். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவள் பூ வைத்திருந்தாள். தேங்காய் பன்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுதைத் தவிர எதையும் பார்த்துப் பழகாத மனுஷன் என்ன பேசுவான்? “கையோரத்துல நூல் பிரிஞ்சிருக்குதுங்க” என்றான். அவள் கிள்ளி எறிந்தாள். “பொட்டு கொஞ்சம் தள்ளியிருக்குது.” சரிசெய்தாள். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பல்லு எடுப்பா இருக்குதுங்களே, சின்னதுலயே கம்பி போட்டிருக்கலாம்.” அக்கறையாம். அவள் வாயை மூடிக்கொண்டாள். கிளம்பும்போது கைப்பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தவள், அவன் சட்டைப் பையின் மேல் மெல்லத் தட்டிவிட்டுப் போனாள். வீடுவரை அந்தத் தட்டலைச் சுமந்துகொண்டு போனான், மடையன். கண்ணாடியில் பார்த்தால் பையின் மேல் சிவப்பு அம்பு. சட்டையைக் கழற்றி, உள்ளும் புறமும் திருப்பி, தையல் தையலாகத் தேடினான். மறுநாள் அதை அவள் மேஜைக்கே கொண்டுபோனான். “நல்லாப் பார்த்துட்டேனுங்க. டேமேஜே இல்லீங்களே.” அவள் அடுத்த பனியனை எடுத்து விரித்தாள். “சட்டையில எதுக்குங்க தேடுனீங்க?”