கலைந்து போன கடல்

சமுதாயக்கூடத்துச் சுவரில் வரைந்திருந்த கடலை இரண்டு தடவை யாரோ கெடுத்துவிட்டார்கள்.

மொக்கம்மாள் சோலியாகத்தான் இருக்கும் என்று தெருவே சொன்னது. சுஜாதா டீச்சருக்கும் அதே சந்தேகம்தான்.

அந்தச் சுவரில் படம் வரையலாம் என்பது டீச்சரின் யோசனை. போடியில் அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பேர், ஊருக்கு வெளியே இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பத்துப் பேர். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே சந்தையில் தக்காளி வாங்குகிறவர்கள். ஒருத்தர் பெயர் ஒருத்தருக்குத் தெரியாது. சேர்ந்து வரைந்தாலாவது பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தார்.

பேசத்தான் செய்தார்கள். பாதிப் பேச்சு சண்டையாக இருந்தது.

முகாமிலிருந்து வந்த தனேஸ்வரி, ஏலச்செடியின் உச்சியில் மாங்காய் மாதிரி காயைத் தொங்கவிட்டாள். கூடத்துக்கு எதிர்வீட்டு மொக்கம்மாள் முப்பது வருடம் குரங்கணி மலைக்கு மேலே ஏலக்காய் பறித்தவள். சும்மா இருப்பாளா?

“ஏத்தா, ஏலக்காய் அடித்தூருலதான் காய்க்கும். அழி அத.”

அழித்து வரைந்தாள். இலை வாழை இலை மாதிரி இருக்கிறது என்றாள் மொக்கம்மாள். அதையும் அழித்தாள். பதிலுக்கு மொக்கம்மாள் வரைந்த படகைப் பார்த்து, இது படகா, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டியா என்று தனேஸ்வரி கேட்டாள். ஏழு வயதில் படகேறி வந்தவள். அதில் அவளை ஏமாற்ற முடியாது.

எட்டாம் நாள் படம் முடிகிற நிலைக்கு வந்தது. ஒரு பக்கம் மலை, ஜீப்பு, ஏலத்தோட்டம். மறுபக்கம் கடல்.

வம்பு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் யாரோ கடல்மேல் தண்ணீரை ஊற்றிவிட, காயாத நீலம் அப்படியே வழிந்து இறங்கியிருந்தது. மறுநாள் முழுக்க உட்கார்ந்து திரும்ப வரைந்தார்கள். அதற்கடுத்த நாளும் அதே கதை. மலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முகாம் பெண்கள் வரைந்த கடலுக்கு மட்டும்தான் அந்தக் கதி.

டீச்சருக்கு அதுதான் பொறுக்கவில்லை. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்திருந்த கவுன்சிலர் சூர்யபிரகாஷ், போலீசில் சொல்லிவிடலாமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் டீச்சர் தெருவுக்கு வந்துவிட்டார்.

கடல் மூன்றாவது தடவையாகக் கலைந்து கிடந்தது. பக்கத்தில் வாளியும் பழைய துணியுமாக மொக்கம்மாள்.

“என்னக்கா இது?”

மொக்கம்மாள் வாளியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

“ஆமா, நான்தான். இப்ப என்னங்கிறீக?”

கொஞ்ச நேரத்தில் தெரு கூடிவிட்டது. கவுன்சிலரும் வந்தார். முகாம் பெண்கள் வந்ததும் அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனிமேல் இந்தச் சுவர்ப் பக்கமே வரக்கூடாது என்று கறாராகச் சொன்னார். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிற மொக்கம்மாள், சரிங்க தம்பி என்று தலையாட்டினாள்.

ஒன்பது மணிக்கு ஷேர் ஆட்டோக்களில் முகாம் பெண்கள் வந்து இறங்கினார்கள். டீச்சர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மொக்கம்மாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தனேஸ்வரி முன்னால் வந்துவிட்டாள்.

“அக்கா இல்ல டீச்சர். பிரஷ் கழுவின தண்ணிய மூணு நாளும் ஊத்தினது நான்தான்.”

“நீ வரைஞ்சத நீயேவா? ஏம்மா?”

“படம் முடிஞ்சா நாங்க எதுக்கு இந்தத் தெருவுக்கு வாறது?” அவள் தலை நிமிரவில்லை. “இந்த ஊருக்கு வந்து முப்பத்தஞ்சு வருசம். என்னை வீட்டுக்குள்ள கூப்பிட்டு, இருக்கச் சொல்லி, காப்பி தந்தது மொக்கம்மாக்கா மட்டும்தான்.”

தெருப் பெண்களில் ரோஜாதான் முதலில் சிரித்தாள். இதுக்குப் போயா இவ்வளவு பாடு, கூடத்தின் பின்சுவர் சும்மாதானே கிடக்கு என்றாள். என் வீட்டுச் சுவரும் வெறுஞ்சுவர்தான் என்றாள் இன்னொருத்தி. இப்படியே ஆளுக்கொரு சுவரைச் சொல்ல, இரண்டு மாதத்துக்கு வேலை சேர்ந்துவிட்டது. கவுன்சிலர் திறப்பு விழாவைத் தள்ளிவைத்துவிட்டு, இன்னும் எத்தனை டப்பா பெயின்ட் வேண்டும் என்று கேட்டார். தனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலை வரைய உட்கார்ந்தாள்.

டீச்சருக்குத்தான் மனசு ஆறவில்லை. நீலம் கலக்கிக்கொண்டிருந்த மொக்கம்மாளிடம் போய் மெதுவாகக் கேட்டார். தனேஸ்வரி தண்ணீர் ஊற்றியதை மொக்கம்மாள் முந்தின சாயங்காலம் வாசலில் இருந்தே பார்த்திருக்கிறாள். விடிந்ததும் யார் கண்ணிலும் படுவதற்குள் வழிந்த நீலத்தைத் துடைத்துவிடலாம் என்று வந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டாளாம்.

“அப்ப எதுக்குக்கா பழிய உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?”

மொக்கம்மாள் கலக்குவதை நிறுத்தவில்லை.

“நான் செஞ்சேன்னா, மொக்கம்மா செஞ்சுட்டாம்பீக. அவ செஞ்சான்னா, முகாம்காரவுக செஞ்சுட்டாகம்பீகள்ல டீச்சர்?”