பெண் ஊரைவிட்டு வரமாட்டாள்

"கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு பட்டணம் வந்துடணும் சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இன்னும் சம்பந்தி ஆகலை," என்று வெட்டினார் பெண்ணின் அப்பா. மூட்டை தூக்கி மகளைப் படிக்க வைத்தவர். யாரையும் லேசில் நம்பமாட்டார். "அவ வரமாட்டா. உங்க பையன் இங்க வரட்டும்."

"பொண்ணு பாக்கறது இங்க ஏதோ ஃபேக்டரி வேலைதானே, விட்டுட்டு வரட்டும். இந்தச் சின்ன ஊர்ல என் பையனுக்கு யாருங்க வேலை குடுப்பா?"

"அவதான் குடுக்கணும்."

"என்னது?"

"பணம் போடறவங்க பட்டணத்துல போட இருந்த முதலீட்டை மல்லுக்கட்டி இந்த ஊருக்குக் கொண்டுவந்தவ அவ. அந்த ஃபேக்டரிக்கே முதலாளி. சொன்னா சொத்துக்காக வருவீங்கன்னுதான் தரகர்கிட்ட மூச்சு விடலை."

வந்தவர் குரல் குழைந்தது. "அப்ப, என் பையனுக்கு நல்ல வேலையா..."

"இன்டர்வியூவுக்கு வரச் சொல்லுங்க. ஆனா சிபாரிசு செல்லாது," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் பெண்ணைப் பெற்றவர். "என்னையே வாட்ச்மேன் வேலைக்கு லாயக்கில்லைன்னு திருப்பி அனுப்பினவ!"