களத்தில் ஒரு கூடாரம்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜவ்வாது மலையில் பொழுது விடிகிறது. பனி எவ்வளவு கெட்டியென்றால், அம்மாக்கண்ணு தன் அரிவாளை அதில்தான் சாய்த்து வைத்திருக்கிறாள். செருப்போடு யாரும் மிதிக்காத அவளுடைய சாமைக் களத்தில், குளிர் பார்க்க வந்த அஜய் கூடாரம் போட்டுவிட்டு, பூட்ஸ் காலோடு நிற்கிறான். அடிக்க வேண்டிய கதிர் ஓரத்தில் நனைகிறது. “எடுத்துடு தம்பி, கதிரு மொளச்சிப்பூடும்.” “காலி இடந்தானேம்மா? ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்.” “உங்க வூட்டு சாமி ரூமுல நான் மாட்டக் கட்டட்டுமா?” அவன் சிரிக்கிறான். அவள் கதிரைக் கூடாரத்தின் மேலேயே பரப்பி மாடுகளை ஓட்டுகிறாள். நாலாவது சுற்றில் சாமை ஒரு பக்கம், ஜிப்பு ஒரு பக்கம் உதிர்கிறது. அஜய் பூட்ஸைக் கையில் பிடித்திருக்கிறான். முழங்கால் போனதால், நான் அந்த மலையேறியே பதினோரு வருடமாகிறது.